பெட்டியில் 20 மெகாஹெர்ட்ஸ், ஸ்கோப்பில் நாலே நாலு படி

யூஎஸ்பி வழியாகக் கணினியில் செருகி, சோதனைக்கு வேண்டிய மின் அலையை உருவாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டர் வாங்கியவர்கள் எதில் ஏமாந்தீர்கள், எது கைகொடுத்தது என்று எழுதுங்கள். கேட்டவன் நான் என்பதால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியின் மேல் 20 மெகாஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் மைக் பெருக்கி ஒன்றைச் சோதிக்க எனக்குத் தேவைப்பட்டதோ வெறும் 1 கிலோஹெர்ட்ஸில் 20 மில்லிவோல்ட் சைன் அலை. பெருக்கியின் வெளியீட்டை ஸ்கோப்பில் (அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) பார்த்தால் அலையைக் காணோம். குளத்துப் படிக்கட்டு நின்றது. டிரான்சிஸ்டர்மேல் சந்தேகப்பட்டு இரண்டைப் பிடுங்கி மாற்றினேன். மின்தேக்கிகளையும் மாற்றினேன். இரவு பதினொரு மணிக்கு, வேறு வழி தெரியாமல் ஜெனரேட்டரை நேராக ஸ்கோப்பில் செருகிய பிறகுதான் தெரிந்தது: படிக்கட்டு தொடங்கியதே அங்கேதான். பாவம், அந்த டிரான்சிஸ்டர்கள்.

கணக்கு எளிது. ஜெனரேட்டருக்குள் எண்ணை வோல்ட்டாக மாற்றும் சிப்புக்கு டிஏசி என்று பெயர். 12 பிட் டிஏசி என்றால் 4096 படிகள். அவை 20 வோல்ட் முழு வீச்சுக்கும் சேர்த்து. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். 20 மில்லிவோல்ட் கேட்டால் நான்கு படிதான் மிஞ்சும். வெளியீட்டில் அட்டென்யூட்டர் (அலையைச் சுருக்கும் சுற்று) வைத்திருக்கும் கருவியில் டிஏசி முழு வீச்சில் ஓடும், அலை அதன் பிறகே சுருங்கும். என்னுடையது எண்ணை மட்டும் சிறிதாக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது.

இப்போது ஜெனரேட்டரை 2 வோல்ட்டில் வைத்து, 10 கிலோ ஓம், 100 ஓம் மின்தடைகள் இரண்டால் நூறில் ஒன்றாகக் குறைக்கிறேன். நானூறு படிகள் கிடைக்கின்றன. உள்ளே இருக்கும் சுவிட்சிங் மின்வழங்கியின் இரைச்சலும் அதே அளவுக்கு அடங்கிவிட்டது. அது கேட்காமலே கிடைத்த லாபம்.

*

படிக்கட்டாவது பரவாயில்லை நண்பரே, எனக்கு விரல் சுட்டது.

5 வோல்ட் ஒற்றை மின்வழங்கியில் ஓடும் ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சிப்) சுற்று. நடுப்புள்ளியாக 2.5 வோல்ட்டை இன்னொரு ஆப்-ஆம்ப் உருவாக்கித் தரும். வரைபடத்தில் அதற்கும் கிரவுண்டு (சுழிய வோல்ட்) போல ஒரு குறி. ஜெனரேட்டரின் கறுப்புக் கிளிப்பை நம்பிக்கையோடு அதில் மாட்டினேன். அலை வரவில்லை. சிப்பைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினேன்.

நடந்தது இதுதான். ஜெனரேட்டரின் கறுப்புக் கிளிப் யூஎஸ்பி கம்பி வழியாகக் கணினியின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது. என் சுற்றுக்கும் 5 வோல்ட் அதே கணினியிலிருந்துதான் வந்தது. ஆக, 2.5 வோல்ட்டை நானே சுழியத்தோடு இணைத்துவிட்டேன். பேட்டரியில் ஓடும் கருவியாக இருந்தால் இது நடந்திருக்காது. யூஎஸ்பி கருவி வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, வெளியீடு கணினியிலிருந்து மின்னியல் முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான். மெகாஹெர்ட்ஸெல்லாம் அப்புறம்.

பிறகு கணினியையும் கருவியையும் அப்படிப் பிரித்து வைக்கும், ஏடியுஎம்4160 சிப் கொண்ட ஐசொலேட்டர் ஒன்றை இடையில் போட்டேன். அதிலும் ஒரு பாடுதான். அந்தச் சிப் நொடிக்கு 12 மெகாபிட் வரைதான் தாங்கும், 480 மெகாபிட் வேகம் அதற்கு ஆகாது. அந்தப் பலகை கொடுக்கக்கூடிய மின்னோட்டமும் குறைவு. ஜெனரேட்டர் விழித்து, மயங்கி, மறுபடி விழித்து, கணினி 'டிங் டிங்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. நல்லவேளை, ஜெனரேட்டரில் தனி டிசி நுழைவாய் இருந்தது. அதில் அடாப்டரை மாட்டியதும் அடங்கிவிட்டது.

*

என்னுடையது சின்னக் கதை. 5 வோல்ட் வைத்தேன், ஸ்கோப் 10 காட்டியது. பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டியில் கட்டியும்விட்டேன். கருவியின் வெளியீட்டு மின்தடை 50 ஓம், அது காட்டும் எண் 50 ஓம் சுமைக்கானது, ஸ்கோப்போ 1 மெகா ஓம், ஏறக்குறையச் சுமையே இல்லாத மாதிரி; அதனால்தான் இரட்டிப்பு. பெட்டியைப் பிரித்தேன்.

*

அலை உருவாக்கும் ஏடி9833 சிப் கொண்ட சின்னப் பலகையை யாரும் மதிக்காததால் அதற்காக ஒரு வார்த்தை. 25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம், 28 பிட் பதிவேடு, அதிர்வெண்ணை 0.1 ஹெர்ட்ஸ் அளவில் நகர்த்தலாம். ஆடியோ வேலைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 12.5 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் என்பதை மட்டும் நம்பாதீர்கள். 5 மெகாஹெர்ட்ஸிலேயே ஒரு சுற்றுக்கு ஐந்து புள்ளிகள்தான். நல்ல வடிகட்டி இல்லாமல் அதைச் சைன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரு குழியை மட்டும் சொல்லிவிடுகிறேன், நான் விழுந்தது. சைன் வெளியீடு சுமார் 0.6 வோல்ட்தான் என்று பின்னால் பத்து மடங்கு பெருக்கி போட்டேன். சதுர அலைக்கு மாற்றினால் அதே காலில் மின்வழங்கியின் முழு வோல்ட்டும் வருகிறது. பெருக்கி இரு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றது. சதுர அலைக்குத் தனிப் பாதை போட வேண்டியதாயிற்று.

*

முதலில் எழுதியவன்தான். 50 ஓம் கதையில் பெட்டி கட்டியவரே, நானும் கட்டியிருக்கிறேன். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

படிக்கட்டு வராத கருவி எது என்று ஒருவர் கேட்டிருந்தார். அனலாக் டிஸ்கவரி 2 கருவியில் 14 பிட், ±5 வோல்ட்; முழு வீச்சில்கூட ஒரு படி 0.6 மில்லிவோல்ட்தான். மற்றவற்றுக்கு நான் இப்போது செய்யும் சோதனை ஒன்று உண்டு. போன வாரம் நண்பரின் கருவியில் 10 மில்லிவோல்ட்டில் தொடங்கிக் குமிழை மெதுவாக ஏற்றினேன். காதைப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஓரிடத்தில் உள்ளே 'டிக்' என்றது. அட்டென்யூட்டரை மாற்றும் ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். என் கருவியில் அடிமுதல் நுனிவரை ஏற்றிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை.