மறு: காம்பிங்: பக்கவாத்தியமா, துணையிசையா, வேறு ஏதாவதா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஜாஸ் இசையில் ஒருவர் முன்னின்று வாசிக்கும்போது இன்னொருவர் பின்னால் துணையாக வாசிப்பதைக் ‘காம்பிங்’ என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று போன வாரம் நான் போட்ட கேள்விக்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. கேள்வி கேட்டவனே தீர்ப்பும் சொல்வது முறையில்லைதான். ஆனாலும் வந்த சொற்களை ஒவ்வொன்றாக என் கட்டுரையின் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். சில பொருந்தின, பல இடித்தன.

> குவார்ட்டெட்டுக்கும் சேர்த்தே ஒரு சொல் காண வேண்டாமா?

வேண்டாம் ஐயா. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரையும் ‘தஞ்சை நால்வர்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நாம். நான்கு பேர் வாசிக்கும் குழுவுக்கு ‘ஜாஸ் நால்வர்’ போதும். சைவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

> காம்பிங் என்றால் பக்கவாத்தியம் வாசிப்பது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருப்பது 1962இல் நியூயார்க்கில் பதிவான ‘த பிரிட்ஜ்’ இசைத்தட்டைப் பற்றி. சானி ரோலின்ஸ் டெனர் சாக்ஸபோன், ஜிம் ஹால் கிட்டார், பாப் கிரான்ஷா பேஸ், பென் ரைலி டிரம்ஸ். (ஒரே ஒரு பாட்டில் மட்டும் டிரம்ஸ் வேறொருவர்.) புகழின் உச்சியில் இருந்த ரோலின்ஸ் 1959இல் மேடையை விட்டு விலகி, 1961 வரை வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதையில் நின்று சாதகம் செய்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வந்தபோது அவர் பியானோவைச் சேர்க்கவில்லை, கிட்டாரைச் சேர்த்தார். பியானோக்காரர் பத்து விரலாலும் இடத்தை நிரப்பிவிடுவார். கிட்டாரின் நாதம் சீக்கிரம் தேய்ந்துவிடும், சாக்ஸபோனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ரோலின்ஸ் வாசிக்கும்போது ஹால் அவருக்குப் பின்னால் ஸ்வரக்கூட்டுகளை ஆங்காங்கே வைத்துக்கொண்டு போகிறார். (சில ஸ்வரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பது கார்டு. அதற்கு நாம் முன்பே ஏற்ற சொல் ஸ்வரக்கூட்டு.) அந்த வேலைக்குப் பெயர்தான் காம்பிங். அப்புறம் ஹாலின் முறை வரும், அவர் தனியாக வாசிப்பார். இந்த இடத்தில் பக்கவாத்தியம் என்ற சொல் உதைக்கிறது. நம் கச்சேரியில் அது ஒரு ஸ்தானம். வயலின்காரர் எத்தனை அற்புதமாக ஆலாபனை செய்தாலும் அன்றைய விளம்பரத்தில் அவர் பக்கவாத்தியம்தான். காம்பிங் அப்படி இல்லை, கைமாறும் வேலை. வெஸ் மான்ட்கோமரி 1960இல் தன் பெயரில் பதிவுசெய்த நால்வரில் கிட்டார்தான் தலைமை, பின்னால் கூட்டு வைப்பவர் பியானோவில் டாமி ஃப்ளானகன். ஆளுக்கு வைக்கும் பெயரை இங்கே போட்டால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஹாலுக்குப் பதவி உயர்வும் பதவி இறக்கமும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நமக்கு வேண்டியது செயலுக்கு ஒரு பெயர்.

> ‘காம்பிசை’ என்று வைக்கலாமே. ஒலியும் ஒத்துப்போகிறது, பூவைக் காம்பு தாங்குவதுபோல…

இரண்டு நாள் மயங்கித்தான் கிடந்தேன். ஆனால் வினையாக்கிப் பாருங்கள்: ‘ஹால் காம்பினார்’. போதும்.

‘ஒத்து’ என்று ஒரு யோசனை. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஒரே ஸ்ருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், இதுவோ விட்டுவிட்டு வருவது. தவிர, ‘ஒத்து ஊதினார்’ என்று அச்சில் போனால் ஹாலின் ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள். ‘பின்பாட்டு’க்கும் இதே கதி.

‘அனுசரணை’ நல்ல சொல், விமர்சகர்கள் கையில் நன்றாகப் புழங்கியது. வடசொல் என்று ஒதுக்கச் சொன்னவர்கள் கட்சியில் நான் இல்லை. என் தயக்கம் பொருளில்தான். அனுசரிப்பவர் பின்னால் வருகிறவர். காம்பிங் செய்பவரோ சில சமயம் முன்னால் போய் ‘இப்படித் திரும்பலாமே’ என்று வழி காட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார்.

காம்பிங்கில் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார்கள் என்பதைக் காட்ட, என் கிட்டார் வாத்தியார் முதல் மாதம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு அளவு ப்ளூஸ் (ஓர் அளவு என்பது நான்கு அடி), ஸ்ருதி சி. நான்காம் தந்தியில் இரண்டாம் மெட்டு (ஃப்ரெட்), மூன்றாம் தந்தியில் மூன்றாம் மெட்டு. இரண்டே ஸ்வரம்: அந்தர காந்தாரம், கைசிகி நிஷாதம். ஷட்ஜத்தை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார், பஞ்சமத்தை விட்டாலும் குறை தெரியாது. சி செவன்த் என்ற ஸ்வரக்கூட்டு முழுசாகக் கேட்கும். அதே விரல்களை ஒரு மெட்டு கீழே இறக்கினால் எஃப் செவன்த், முதலிடத்திலிருந்து ஒரு மெட்டு ஏற்றினால் ஜி செவன்த். முழு ப்ளூஸும் இரண்டு தந்தி, மூன்று இடத்தில் முடிந்துவிடுகிறது. அதையும் ஒவ்வொரு அடிக்கும் தட்டக்கூடாது: முதல் அடியில் ஒன்று, இரண்டாம் அடி தாண்டி அரை இடத்தில் ஒன்று, மீதிக்குச் சும்மா இரு. அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வரவேயில்லை. கவுன்ட் பேசியின் பெரிய ஜாஸ் குழுவில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு, அடிக்கு ஒன்றாக நாலு அடியும் தட்டிய கிட்டார்காரர் ஃப்ரெடி கிரீன் வேறு ரகம். பெரிய குழுவுக்கு அதுவே முதுகெலும்பு. நால்வரில் அப்படித் தட்டினால் நெரிசலாகிவிடும்.

மிருதங்கக்காரர்கள் பாட்டை ‘அணைத்து வாசிப்பது’ என்பார்களே, எனக்குப் பட்ட சொல் அங்கிருந்துதான் வந்தது. பெயர்: அணைவாசிப்பு. வினை: அணைத்து வாசி. யார் வேண்டுமானாலும் செய்யலாம், எப்போது வேண்டுமானாலும் விடலாம்.

‘ரோலின்ஸ் எங்கே திரும்பினாலும் ஹால் அணைத்து வாசிக்கிறார், சில சுற்றுகளில் கையை எடுத்துவிடுகிறார்.’

வீட்டில் வாசித்துக் காட்டினேன். “விளக்கை அணைக்கிற வாசிப்பா?” என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. தலையணை இருக்கிற வீட்டில் அந்தக் குழப்பம் நீடிக்காது என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே பொதுப் பட்டியலில் ஏற்ற இரண்டு வாரம் பொறுப்போம். அதுவரை அவரவர் வாக்கியத்தில் போட்டுப் பார்த்து, இடிக்கிற இடத்தை இங்கே எழுதுங்கள்.

அடுத்தது வாக்கிங் பேஸ், அதாவது அடிக்கு ஒரு ஸ்வரமாக பேஸ் நடந்துபோவது. ‘நடை’ என்று யாரும் அவசரப்பட்டுவிடாதீர்கள். திஸ்ர நடை, கண்ட நடை என்று அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது.