ஒற்றைக் காலில் 40 வினாடி நிற்க முடிகிறது, ஆனால் கோல்ஃப் ஸ்விங் (மட்டையைச் சுழற்றி வீசுவது) முடியும்போது பின்னால் சாய்கிறேன். எங்கே தப்பு?

கீழக்கரைப் பயணி
வெள்ளி, காலை 9:12

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு வயது 41. ஊர் கீழக்கரைக்குப் பக்கம். மலேசியாவில், ஜொகூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை. பதினொரு வருடமாகப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தவன், மூன்று வருடமாகத்தான் விளையாடவும் செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் வேலையாட்கள் ஒன்பது குழி ஆடிக்கொள்ளலாம். இப்போது ஒன்றரை மாத விடுப்பில் ஊரில் இருக்கிறேன். திரும்பிப் போனதும் எங்களுக்குள் ஒரு போட்டி இருக்கிறது. அதில் நன்றாக ஆட வேண்டும் என்று ரொம்ப ஆசை.

நான் வலது கைக்காரன். அடித்து முடித்ததும் உடம்பு நிலைகொள்ளாமல் ஒரு எட்டு பின்னால் வைத்துவிடுகிறேன். பின்னால் என்றால் முதுகுப் பக்கம். அங்கே இருக்கும்போதே லேசாக இந்தக் குறை உண்டு. "உனக்கு பேலன்ஸ் போதாது, அதற்குப் பயிற்சி செய்" என்று கூட ஆடும் ஒருவர் சொன்னார். அதனால் ஊருக்கு வந்த நாளிலிருந்து தினமும் ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போகிறேன். ஒற்றைக் காலில் நிற்பது, கண்ணை மூடி நிற்பது, இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஸ்விங் செய்வது, எல்லாம் வெறுங்காலோடு. கடலுக்குள் இருக்கும் அப்பா தீவின் திசையைப் பார்த்து நின்று, மணலில் கோடு போட்டு, கோட்டின் மேல் 7ஆம் நம்பர் அயர்னை (இரும்புத் தலை மட்டை) வீசுவேன். பந்து வைப்பதில்லை.

மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் ஒற்றைக் காலில் 12 வினாடிதான் நிற்க முடிந்தது, இப்போது 40. சந்தோஷமாக இருந்தது. ஆனால் நேற்று ஊர்க் கால்பந்துத் திடலில் ஆள் இல்லாத நேரம் பார்த்து 20 பந்து அடித்தேன். நான்குதான் சரியாகப் போனது. மற்றவை எல்லாம் கிளப்பின் (மட்டையின்) நுனியில் பட்டன, அல்லது பந்தின் தலையில் தட்டித் தரையோடு உருண்டன. இடது கால் விரல்கள் தரையை விட்டு மேலே தூக்குகின்றன. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே திடலில் பாதியாவது நன்றாக அடித்தேன். பயிற்சி செய்யச் செய்ய ஆட்டம் கெடுமா? என் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடி ரைடர்
வெள்ளி, காலை 10:40

பாய், 40 வினாடி போதாது. பேலன்ஸ் போர்டு (நின்றால் ஆடுகிற பலகை) ஒன்று வாங்கி அதன் மேல் இரண்டு நிமிடம் நிற்கப் பழகுங்கள். என் அண்ணன் கிரிக்கெட்டுக்கு அப்படித்தான் செய்தான், நல்ல பலன் இருந்தது.

இயன்முறை இராமநாதபுரம்
வெள்ளி, மதியம் 1:05

நான் இயன்முறை சிகிச்சை செய்கிறவள். முதலில் சில கேள்விகள். தலைசுற்றல் உண்டா? கணுக்காலில் பழைய சுளுக்கு? பாதத்தில் மரத்துப்போவது, எரிச்சல்? சர்க்கரை இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

எதுவும் இல்லை என்றால் பேலன்ஸ் போர்டுக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். நிலை என்பது கண், உட்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. அசையாமல் நிற்பதில் நீங்கள் நன்றாகத் தேறிவிட்டீர்கள். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் உட்கார்வது வேறு, ஓட்டுவது வேறு. ஸ்விங் என்பது ஓட்டம். ஒரு கிளப் வேகமாகச் சுழன்று உங்களை வெளியே இழுக்கும்போது நிலைத்திருக்க வேண்டும். 40 வினாடியை 80 ஆக்கினாலும் அது தானாக வந்துவிடாது.

கொடைக்கானல் பழைய கேடி
வெள்ளி, இரவு 8:30

தம்பி, கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் 19 வருடம் கேடியாக, ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கியவன் நான். 1895இல் தொடங்கிய கிளப் அது. மலை மேல் இருப்பதால் சமதரையே அபூர்வம். இப்போது உச்சிப்புளியில் இருக்கிறேன்.

தங்கச்சி சொன்னது ரொம்பச் சரி. ஆனால் ஆட்டம் ஏன் முன்பைவிடக் கெட்டது என்பதற்கு அது பதில் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நீங்கள் கடலைப் பார்த்து நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிற்கிற இடம் சமமா, சரிவா?

நாளைக் காலையில் ஒன்று செய்யுங்கள். வழக்கமான இடத்தில் மணலைக் கையால் நிரவிவிட்டு ஐந்து ஸ்விங் செய்யுங்கள். அப்புறம் காலடி கலையாமல் பக்கவாட்டில் விலகி வந்து, குந்தி உட்கார்ந்து, தடத்தைப் பாருங்கள். குதிகால் எவ்வளவு ஆழம், விரல் எவ்வளவு ஆழம் என்று விரலை வைத்து அளந்து எழுதுங்கள்.

கீழக்கரைப் பயணி
சனி, காலை 7:20

டாக்டர் அக்கா, நீங்கள் கேட்ட எந்தத் தொந்தரவும் எனக்கு இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் வேலையிடத்தில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், சர்க்கரை இல்லை.

அண்ணே, பார்த்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம். இரண்டு காலிலும் குதிகால் இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் குழி. குழிக்குள் ஈரம் கசிந்து மின்னிக்கொண்டிருந்தது. நடுப்பாதம் லேசாக. விரல்கள் பட்ட இடத்தில் பொட்டு வைத்த மாதிரி அழுத்தம், சுண்டுவிரல் தடமே இல்லை. இடது குதிகால் குழி மட்டும் பிறை மாதிரி திருகியிருந்தது. நிற்கிற இடம் நல்ல சரிவுதான். என் குதிகாலுக்கும் கோடு போட்ட இடத்துக்கும் அரை அடி இறக்கம் இருக்கும்.

கொடைக்கானல் பழைய கேடி
சனி, காலை 11:15

அப்படியென்றால் உங்கள் தப்பு கண்ணெதிரே மணலில் எழுதியிருக்கிறது, தம்பி.

கடலைப் பார்த்து நின்றால் பந்து வைக்கிற இடம் காலைவிடத் தாழ்வு. அந்தச் சரிவில் உடம்பு முன்னால் சரியப் பார்க்கும். கிளப் கீழே வரும் நேரத்தில் அதன் இழுப்பும் முன்னால்தான், கயிற்றில் கட்டிய வாளியைச் சுழற்றினால் அது கையை இழுக்கிற மாதிரி. இரண்டையும் தாங்க உங்கள் உடம்பு தானாகவே குதிகாலில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் மூன்று வாரம் தினமும் அதையே செய்ததில் உடம்பு மனப்பாடம் செய்துவிட்டது. கால்பந்துத் திடல் சமதரை. அங்கே முன்னால் இழுக்கும் சரிவு இல்லை, குதிகாலில் உட்காரும் பழக்கம் மட்டும் மிச்சம். அதனால் உடம்பு பின்னால் போகிறது, கிளப்பும் கூடவே பந்தை விட்டு விலகுகிறது. எட்டாததால் நுனியில் படுகிறது, இல்லாவிட்டால் தலையில் தட்டுகிறது. விரல் தூக்குவதும் இதனால்தான். உழைப்பில் குறையே இல்லை, உழைத்த இடம்தான் ஏமாற்றிவிட்டது.

கொடைக்கானலில் பந்து மேடாக இருந்தால் ஒரு நிலை, பள்ளமாக இருந்தால் ஒரு நிலை என்று ஒவ்வொரு அடிக்கும் மாறும். அதனால் ஒரே சரிவு யாருக்கும் பழகிப்போகாது. உங்களுக்கு அந்த ஒரே சரிவுதான் பள்ளிக்கூடம். திரும்பி நின்று, கரையைப் பார்த்து அடித்தால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒரு கோணலை இன்னொரு கோணலால் நிமிர்த்த முடியாது. சமதரைக்குப் போங்கள்.

முதல் மூன்று நாள் பந்தே வேண்டாம். கிளப்பைப் பிடித்து நிற்கும்போது எடை ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் கீழே, பாதத்தின் நடுவில் இருக்க வேண்டும். வீட்டில் யாரையாவது இரண்டு விரலால் உங்கள் நெஞ்சில் மெல்லத் தள்ளச் சொல்லுங்கள், அப்புறம் முதுகில். எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையாத இடத்தைக் கண்டுபிடியுங்கள். இப்போதைக்கு நெஞ்சில் தொட்டாலே பின்னால் போவீர்கள்.

அப்புறம் கால் சேர்த்து வைத்து அடிக்கிற பயிற்சி. நீங்கள் செய்வதுதான், ஆனால் முழு வீச்சில் செய்திருப்பீர்கள். 8 அல்லது 9ஆம் நம்பர் அயர்ன், கை இடுப்பு உயரம் வரைதான் போக வேண்டும், வேகம் பாதி, பந்து சின்ன டீயின் (பந்தைத் தாங்கும் குச்சி) மேல். கால் சேர்ந்திருக்கும்போது இடுப்பு பக்கவாட்டில் வழுக்கினாலும் கை மட்டும் அவசரப்பட்டாலும் உடனே தடுமாறுவீர்கள். யாரும் சொல்லித்தர வேண்டாம், அந்தத் தடுமாற்றமே வாத்தியார்.

அது பிடிபட்டதும், அடி எடுத்து வைக்கும் பயிற்சி. கால் சேர்த்து நின்று கிளப்பை மேலே கொண்டுபோங்கள். மேலே போய் முடிகிற நேரத்தில் இடது காலை இலக்குப் பக்கம் ஒரு எட்டு வையுங்கள், கால் ஊன்றிய பிறகு அடியுங்கள். கால் முதலில், கை அப்புறம். உங்களுக்கு முக்கிய மருந்து இதுதான் என்று நினைக்கிறேன்.

முடிவில் எடை கிட்டத்தட்ட முழுவதும் இடது காலில், வலது கால் பெருவிரல் நுனி மட்டும் தரையில். வலது காலைத் தூக்கி மூன்று எண்ணுங்கள். நிற்க முடிந்தால் அந்த அடி சரி, பந்து எங்கே போனாலும். தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர், மேஜர் எனப்படும் பெரிய போட்டிகளில் ஒன்பது பட்டம் வென்றவர், அடித்த வேகத்தில் வலது காலை இலக்கு நோக்கி எடுத்து வைத்து நடந்தே போய்விடுவார். ஒரு எட்டு முன்னால் போனால் கவலை இல்லை. பின்னால் போகக் கூடாது.

மண்டபம் வலைக்காரன்
சனி, இரவு 9:50

எனக்கு கோல்ஃப் தெரியாது. ஆனால் கால் முதலில், கை அப்புறம் என்றதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நாங்கள் வீச்சு வலை வீசுவதும் அப்படித்தான். சின்னப் பையன்கள் கையால் வீசுவார்கள், வலை சுருண்டு கட்டியாக விழும். தெரிந்தவன் முழங்காலை இளக்கி, பின்காலில் ஏறி, முன்காலுக்கு வருவான். கை கடைசியில் விட்டால் போதும், ஓரத்து ஈயக் குண்டுகளே வலையை வட்டமாக விரித்துக்கொள்ளும். வள்ளத்தின் விளிம்பில் நின்று குதிகாலில் சாய்ந்தால் ஆள் தண்ணீரில்தான். என் வாப்பா எனக்கு வலையைக் கையில் தருவதற்கு முன்னால், ஒரு வாரம் வெறுங்கையோடு வள்ளத்தில் நின்று ஆடச் சொன்னார்.

தம்பி, உங்கள் வீட்டுப் பக்கம் வீச்சு வலை வீசுகிற பெரியவர் யாராவது இருப்பார். அவர் காலை மட்டும் அரை மணி நேரம் பாருங்கள்.

கீழக்கரைப் பயணி
ஞாயிறு, காலை 8:05

காக்கா, ரொம்ப நன்றி. என் பெரியத்தாவே வீசுவார், இத்தனை வருடம் நான் வலையைத்தான் பார்த்திருக்கிறேன்.

மூன்று சந்தேகம். கடற்கரையை முழுவதும் விட்டுவிடவா? ஆடிக் காற்று எட்டு மணிக்கு மேல் ஆளைத் தள்ளுகிறது, அதிலும் அடிக்கலாமா? திடலில் ஆறரைக்கே பையன்கள் கால்பந்துக்கு வந்துவிடுகிறார்கள், கோல்ஃப் பந்து யார் மேலாவது பட்டால் பெரிய வினை. கடலைப் பார்த்து அடித்தால் ஆபத்தில்லையே?

கொடைக்கானல் பழைய கேடி
ஞாயிறு, காலை 10:30

கடலுக்குள் ஒரு பந்துகூட வேண்டாம், தம்பி. பந்தின் ஓடும் உள்ளே இருக்கிற ரப்பரும் மக்காதவை. உங்கள் எதிரே இருக்கிற தீவுகளையும் சேர்த்து 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப் பாறையும் கடல்புல்லும் ஆமையும் ஆவுளியாவும் (கடற்பசு) இருக்கிற தண்ணீர் அது.

கடற்கரையை விட வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். கடல் வற்றியிருக்கும்போது தண்ணீரோரம் இறுகின ஈர மணல் ஒரு பட்டையாகக் கிடக்கும். அதில் சமமான இடம் பார்த்து, பந்தில்லாமல் பழகுங்கள். பொசுபொசு மணலில் கால் ஊன்றித் தள்ள முடியாது, கை மட்டும் வேலை செய்யும். வெறுங்கால் நல்லதுதான், சாம் ஸ்னீட் என்ற பெரிய ஆட்டக்காரரே வெறுங்காலோடு பழகியவர். தினமும் கடைசியில் தடத்தைப் பாருங்கள். உங்களுக்கு அதைவிட நல்ல கண்ணாடி கிடைக்காது.

காற்றில் இந்தப் பயிற்சி வேண்டாம். காற்றுக்கு எதிராக உடம்பு சாய்ந்து இன்னொரு கோணலைப் படித்துக்கொள்ளும்.

பந்து அடிக்க, இரண்டு பனைமரத்துக்கு நடுவே வலை கட்டுங்கள்.

மண்டபம் வலைக்காரன்
ஞாயிறு, மதியம் 12:10

பந்து எவ்வளவு பெரிது, எவ்வளவு கனம்?

கொடைக்கானல் பழைய கேடி
ஞாயிறு, மதியம் 12:25

குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாது. எடை 45.93 கிராமுக்கு மேல் போகாது.

மண்டபம் வலைக்காரன்
ஞாயிறு, மதியம் 12:40

அப்படியென்றால் நண்டு வலை ஆகாது, கண் பெரிது. சாளை வலையின் கண் சரி, ஆனால் நரம்பு மெல்லிசு, கிழித்துக்கொண்டு போய்விடும். பழைய இழுவலையின் மடிப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். நூல் தடிமன், கண் சிறிசு. இறுக்கிக் கட்டாதீர்கள், பந்து உங்கள் மேலேயே திரும்பி வரும். தொளதொளவென்று தொங்கவிட்டு, அடிப்பக்கம் மணலில் ஒரு முழம் புரளட்டும். முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கரையில் கிடக்கிற வலை ஆமைக்கு எமன்.

கீழக்கரைப் பயணி
16 நாள் கழித்து, செவ்வாய், காலை 7:45

சொன்னபடியே செய்தேன். முதல் நாள் என் மகள் இரண்டு விரலால் நெஞ்சில் தொட்டதும் பின்னால் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அவள் முழுக் கையால் தள்ளினாலும் நிற்கிறேன். கால் சேர்த்து அடிப்பதில் முதல் மூன்று நாளும் பத்துக்கு ஆறு தடுமாற்றம். அடி எடுத்து வைக்கும் பயிற்சி வந்ததும்தான் பந்து கிளப்பின் நடுவில் பட்டது. அந்தச் சத்தமே வேறு, கையில் அதிர்வே இல்லை.

பெரியத்தா காலையும் பார்த்தேன். வலை கையை விட்டுப் போகும்போது அவருடைய பின்கால் குதி எழும்பியிருந்தது, முன்கால் முழுப் பாதமும் பலகையில் ஒட்டியிருந்தது.

இன்று விடியற்காலையில் ஆளில்லாத திடலில் 20 பந்து, 13 சரி. ஈர மணலில் தடம் குதியும் விரலும் ஏறக்குறைய ஒரே ஆழம். ஆனால் டிரைவரை (தூரம் அடிக்கிற நீள மட்டை) எடுத்தால் மட்டும் பழைய சாய்வு வந்துவிடுகிறது. நான்கு நாளில் விமானம்.

கொடைக்கானல் பழைய கேடி
செவ்வாய், காலை 9:00

13 என்பது பெரிய விஷயம், தம்பி. மனசு நிறைந்தது.

டிரைவர் நீளம் அதிகம், வேகமும் இழுப்பும் அதிகம், அதனால் பழைய பயம் திரும்ப வருகிறது. கைப்பிடியில் இரண்டு அங்குலம் கீழே பிடியுங்கள். காலைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் விரித்து வையுங்கள். முக்கால் வீச்சு போதும், முடிவில் அதே மூன்று எண்ணிக்கை. இந்த நான்கு நாளில் பத்துக்கு ஏழு நிற்க முடியாவிட்டால், போட்டியில் டிரைவரைப் பையை விட்டு எடுக்காதீர்கள். ஒன்பது குழியையும் அயர்னிலேயே ஆடி முடிக்கலாம்.

கீழக்கரைப் பயணி
செவ்வாய், காலை 9:20

சரி அண்ணே. நாளைக் காலையில் கீழே பிடித்துப் பத்து அடித்துவிட்டு, எத்தனை நின்றேன் என்று எழுதுகிறேன்.