ஸ்பெசியா, வெரோனா, 31 புள்ளிகள்: சமநிலையில் யாரைக் கீழிறக்குவது நியாயம்?

கோல்கம்பம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான சீரி ஆவில் 2022-23 பருவத்தின் இறுதி அட்டவணையைப் பார்த்ததிலிருந்து ஓர் ஐயம் தீராமல் இருக்கிறது. 38 ஆட்டங்கள் முடிந்தபோது ஸ்பெசியாவும் வெரோனாவும் தலா 31 புள்ளிகளோடு நின்றன. இரண்டும் அடித்த கோல்கள்கூட 31தான். சாம்ப்டோரியாவும் கிரெமோனேசேயும் ஏற்கெனவே கீழ்ப்பிரிவுக்குப் போவது உறுதியாகிவிட்ட நிலையில், கீழிறங்கும் மூன்றாவது அணி இவ்விரண்டில் ஒன்று என்றாகியது.

அந்தப் பருவத்தில் இரு அணிகளும் இருமுறை மோதியிருந்தன. வெரோனாவின் மைதானத்தில் ஸ்பெசியா 2-1 என்று வென்றது; ஸ்பெசியாவின் மைதானத்தில் நடந்த ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. முந்தைய பருவம் வரை நடப்பிலிருந்த விதிப்படி நேருக்கு நேர் ஆடிய ஆட்டங்களின் முடிவே முதலில் பார்க்கப்பட்டிருக்கும், ஸ்பெசியா தப்பியிருக்கும். கோல் வித்தியாசத்தை (அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்து வருவது) பார்த்திருந்தால் வெரோனா −28, ஸ்பெசியா −31 என்பதால் வெரோனா தப்பியிருக்கும். ஆனால் சமப் புள்ளியில் நிற்கும் அணிகள் தனியாக ஒரு பிளே-ஆஃப் ஆடி முடிவு காண வேண்டும் என்ற விதி அந்தப் பருவத்தில்தான் மீண்டும் கொண்டுவரப்பட்டிருந்தது. 2023 ஜூன் 11 அன்று ரெஜ்ஜோ எமிலியா நகரின் மாப்பெய் அரங்கில் நடந்த அந்த ஆட்டத்தில் வெரோனா 3-1 என்று வென்றது. ஸ்பெசியா இரண்டாம் நிலை லீக்கான சீரி பீ-க்குப் போனது.

எந்த விதியும் பருவம் தொடங்குவதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தால் அது நியாயமானதே என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. முன்கூட்டியே அறிவித்துவிட்டு நாணயத்தைச் சுண்டினால் அதையும் நியாயம் என்று ஏற்றுக்கொள்வோமா? ஓர் அணி கீழிறங்கினால் தொலைக்காட்சி வருவாய் சரிகிறது, ஆட்டக்காரர்கள் விலகுகிறார்கள், மீண்டும் மேலேறப் பல ஆண்டுகள் ஆகலாம். இவ்வளவு பெரிய விளைவுள்ள முடிவுக்கு மூன்று முறைகளில் எது அதிகத் தகுதியுடையது என்று நீங்கள் கருதுகிறீர்கள்?

நடுக்களம்

கோல் வித்தியாசம் என்பதே என் பதில். லீக் முறையின் அடிப்படையே எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணியின் மைதானத்தில் ஒருமுறை ஆடுவதுதான். அந்த 38 ஆட்டங்களிலும் சேர்த்த புள்ளிகள் சமமாகிவிட்டன என்றால், அடுத்த அளவுகோலும் அதே 38 ஆட்டங்களிலிருந்து வருவதே முறை. நேருக்கு நேர் விதி 36 ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஸ்பெசியா வெரோனாவைவிட நேரடி மோதலில் மூன்று புள்ளிகள் அதிகம் பெற்றது என்றால், மற்ற 18 அணிகளுக்கு எதிராக வெரோனா மூன்று புள்ளிகள் அதிகம் பெற்றிருக்கிறது என்பதுதானே அதன் மறுபக்கம்? அந்த மறுபக்கத்துக்கு ஏன் மதிப்பில்லை?

இங்கிலாந்தில் இந்த விதி பலமுறை கடுமையாகவே வேலை செய்திருக்கிறது. 2007 மே 13 அன்று ஷெஃபீல்டு யுனைடெட் தன் சொந்த மைதானமான பிராமல் லேனில் விகன் அத்லெடிக்கை எதிர்கொண்டபோது ஒரு சமநிலையே அதற்குப் போதுமாயிருந்தது. விகன் 2-1 என்று வென்றது. அந்த வெற்றிக் கோலைப் பெனால்டியில் அடித்த டேவிட் அன்ஸ்வொர்த், அதே பருவத்தின் ஜனவரியில்தான் ஷெஃபீல்டிலிருந்து விகனுக்குப் போனவர். இரு அணிகளும் 38 புள்ளிகள். கோல் வித்தியாசம் −22க்கு எதிராக −23. ஷெஃபீல்டு இறங்கியது. அதன் பின் அந்த அணியினர் நீண்ட காலம் போராடியது கோல் வித்தியாச விதியை எதிர்த்து அல்ல, அந்தப் பருவத்தில் தப்பிய வெஸ்ட் ஹாம் அணியில் ஆட்டக்காரர் கார்லோஸ் டெவேஸ் பதிவு செய்யப்பட்ட விதத்தை எதிர்த்துத்தான். வெறும் ஒரு கோலில் வீழ்ந்தவர்கள்கூட அளவுகோலைக் குறை சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கோல்களை எப்படிக் கணக்கிடுவது என்பதும் ஒரு காலத்தில் சர்ச்சைக்குரியதாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1975-76 வரை அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே பார்க்கப்பட்டது. 1923-24இல் ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுன் 60 அடித்து 33 வாங்கியது. கார்டிஃப் சிட்டி 61 அடித்து 34 வாங்கியது. விகிதத்தால் பட்டம் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்குப் போனது. இன்றைய கணக்கில் இருவருக்கும் +27. அதிகக் கோல் அடித்த கார்டிஃப் வென்றிருக்கும்.

ஓரக்கோடு

நடுக்களம் அவர்களின் வாதம் அட்டவணையின் உச்சியில் இருக்கும் அணிகளுக்குப் பொருந்தும்; அடியில் இருக்கும் அணிகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து. கீழிறங்கும் அபாயத்தில் இருக்கும் அணியின் கோல் வித்தியாசம் பெரும்பாலும் வலிமையான அணிகளிடம் சரிந்துபோன சில நாள்களில்தான் உருவாகிறது. ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறி, 3-0 என்று பின்தங்கிய அணி, மேலும் மூன்று கோல்களை வாங்குவதற்கும் வாங்காமல் இருப்பதற்கும் அந்த அணியின் தரத்தோடு எவ்வளவு தொடர்பு? அடுத்த வாரம் சக போட்டி அணியோடு ஆடவேண்டியிருப்பதால் பயிற்சியாளர் முக்கிய ஆட்டக்காரர்களை வெளியே எடுத்து ஓய்வு கொடுப்பது அறிவான செயல்தான். கோல் வித்தியாசம் அந்த அறிவுக்குத் தண்டனை தருகிறது.

மாறாக, அடிமட்ட அணிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டங்களில் இரு தரப்பும் முழு ஆற்றலோடு, முழு அணியோடு, முழு அச்சத்தோடு ஆடுகின்றன. பருவத்தில் அவர்களின் உண்மையான பலத்தைக் காட்டும் ஆட்டங்கள் அவைதான். ஸ்பெயினின் லா லீகா நேருக்கு நேர் முடிவுகளை முதலில் வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

கோல் எண்ணிக்கை விதி எவ்வளவு விசித்திரமாக முடியும் என்பதற்கு ஜெர்மனியின் பண்டெஸ்லிகாவில் 1999 மே 29 அன்று நடந்ததைப் பாருங்கள். கடைசி நாள் தொடங்கும்போது நியூர்ன்பெர்க் 12ஆம் இடத்தில், 37 புள்ளிகளோடு, பாதுகாப்பாக இருப்பதாகவே எல்லாரும் எண்ணினர். ஐந்த்ராக்ட் ஃப்ராங்க்ஃபுர்ட்டுக்கு 34 புள்ளிகள். கோல் வித்தியாசமோ நியூர்ன்பெர்க்கைவிட ஐந்து குறைவு. நியூர்ன்பெர்க் ஃப்ரைபுர்க்கிடம் 1-2 என்று தோற்றது. ஃப்ராங்க்ஃபுர்ட் கைசர்ஸ்லௌட்டர்னுக்கு எதிராக 4-1 என்று முன்னிலையில் இருந்தபோதும் அது போதவில்லை. 89ஆம் நிமிடத்தில் நார்வே நாட்டவரான யான் ஓகே ஃபியோர்டோஃப்ட் ஐந்தாவது கோலை அடித்தார். இருவருக்கும் 37 புள்ளிகள், இருவருக்கும் −10. ஃப்ராங்க்ஃபுர்ட் அடித்தது 44, நியூர்ன்பெர்க் அடித்தது 40. நியூர்ன்பெர்க் இறங்கியது. நாடு முழுவதும் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது மறக்க முடியாத மாலை, மறுக்கவில்லை. ஆனால் 44க்கு 54 என்ற கணக்கு 40க்கு 50 என்ற கணக்கைவிட எந்த வகையில் மேலானது? பத்துக் கோல் பள்ளத்தில் இருவரும் ஒரே ஆழத்தில்தான் இருக்கிறார்கள்.

மூன்றாம்கோணம்

நேருக்கு நேர் விதியைப் பற்றி ஓரக்கோடு அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு சிக்கல் இருக்கிறது: இரண்டு அணிகள் சமமாக நிற்கும்போது அது தெளிவாக வேலை செய்கிறது, மூன்றாவது அணி சேர்ந்தவுடன் குழம்பிவிடுகிறது. அ, ஆ என்ற இரு அணிகளில் அ மேலே என்று நேரடி மோதல் சொல்லலாம். அதே புள்ளியில் இ என்ற அணியும் வந்து நின்றால், மூவருக்குள்ளும் நடந்த ஆட்டங்களை மட்டும் வைத்துத் தனி அட்டவணை போட வேண்டும். அதில் ஆ மேலே போய்விடலாம். அதாவது, அ தப்புமா ஆ தப்புமா என்பதை, கடைசி நாளில் வேறொரு மைதானத்தில் இ சமநிலை கண்டதா இல்லையா என்பது தீர்மானிக்கிறது. கோல் வித்தியாசத்தில் இந்தக் கோளாறு எழவே எழாது. எத்தனை அணிகள் சேர்ந்தாலும் அ, ஆ இரண்டுக்கும் இடையிலான வரிசை மாறாது.

லீக் ஆட்டம் அல்ல என்றாலும், விதியின் இயல்பை 2004 ஐரோப்பியக் கோப்பையைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. அங்கும் சமப் புள்ளியில் நிற்கும் அணிகளுக்குள் நடந்த ஆட்டங்களே முதலில் பார்க்கப்பட்டன. இத்தாலி டென்மார்க்கோடு 0-0, சுவீடனோடு 1-1. டென்மார்க்கும் சுவீடனும் கடைசி ஆட்டத்தில் 2-2 அல்லது அதற்கு மேற்பட்ட சமநிலை கண்டால், இத்தாலி பல்கேரியாவை எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றாலும் வெளியே போக வேண்டியதுதான் என்ற நிலை. ஆட்டம் 2-2 என்றே முடிந்தது. முன்பே பேசி வைத்து ஆடினார்கள் என்று நான் சொல்லவில்லை; அப்படி ஐயப்பட இடம் கொடுத்தது விதி. மொத்தக் கோல் வித்தியாசம் பார்க்கப்பட்டிருந்தால் பல்கேரியாவை மூன்று கோல் வித்தியாசத்தில் வீழ்த்தி இத்தாலி தன் விதியைத் தானே எழுதியிருக்க முடியும். (அவர்கள் 2-1 என்று, அதுவும் கூடுதல் நிமிடங்களில்தான் வென்றார்கள் என்பது வேறு.)

பிளே-ஆஃப் பற்றி: கோல்கம்பம் அவர்கள் அதை ஏதோ புதுமை போல எழுதியிருந்தாலும், இத்தாலியில் அது பழைய வழக்கம்தான். 2004-05 பருவத்தில் ஃபியோரென்டினா, பொலோனியா, பார்மா மூன்றும் 42 புள்ளிகளில் நின்றன. மூவருக்கிடையிலான தனி அட்டவணை ஃபியோரென்டினாவைக் காப்பாற்றியது. மற்ற இரண்டும் இரு ஆட்டங்கள் கொண்ட பிளே-ஆஃப் ஆடின. பொலோனியா பார்மாவின் மைதானத்தில் 1-0 என்று வென்றுவிட்டு, தன் மைதானத்தில் 0-2 என்று தோற்று இறங்கியது. பருவம் முழுவதற்குமான கோல் வித்தியாசத்தில் பொலோனியா பார்மாவைவிட மிக மேலே இருந்தது. ஒரே பருவத்தில் ஓர் அணி நேருக்கு நேர் முறையாலும் இன்னோர் அணி பிளே-ஆஃபாலும் தப்பின. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிளே-ஆஃபில் ஒரு நேர்மை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே இரு அணிகளும் எதற்காக ஆடுகிறோம் என்று அறிந்து, அதே புல்தரையில், அதே நேரத்தில் ஆடுகின்றன. வேறெந்த மைதானத்துச் செய்திக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கோல்கம்பம்

விரிவான பதில்களுக்கு நன்றி. மூன்றாம்கோணம் அவர்கள் காட்டிய மூன்று அணிச் சிக்கல் எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனால் பிளே-ஆஃபின் நேர்மை என்று அவர் சொல்வதை ஸ்பெசியா ரசிகர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் வெரோனாவின் ஃபரவோனி சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். ஸ்பெசியாவுக்குப் பெனால்டி கிடைத்தது. என்சோலா அடித்ததைக் கோல்காப்பாளர் மொன்டிப்போ தடுத்துவிட்டார். ஒன்பது மாத உழைப்பு, ஒற்றை உதைக்கு வந்து நின்றது.

ஆகவே ஒரு யோசனை: பிளே-ஆஃப் நடக்கட்டும், ஆனால் பருவத்தின் சான்று முழுவதையும் அது அழித்துவிடாதபடி, மேலான கோல் வித்தியாசம் உள்ள அணிக்குச் சமநிலையே போதும் என்று வைத்தால் என்ன? சீரி பீ-யிலிருந்து மேலேறுவதற்கான அரையிறுதிகளில், இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால் அட்டவணையில் மேலே இருந்த அணியே முன்னேறுகிறது. அதே தத்துவத்தை இங்கும் கொண்டுவரலாம்.

நடுக்களம்

கெடுதல் இல்லாத யோசனை. ஆனால் அது கோல் வித்தியாசம் நம்பத்தக்கது என்று ஒப்புக்கொண்ட பிறகு, அதன் தீர்ப்பை ஏற்காமல் இன்னோர் ஆட்டம் கேட்பது போல இருக்கிறது. நம்பத்தக்கது என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அதைத்தான் செய்கிறது: கோல் வித்தியாசம், அடித்த கோல்கள், அதன் பிறகே நேரடி ஆட்டங்கள், எதுவும் பிரிக்காத நிலையில் மட்டுமே நடுநிலை மைதானத்தில் பிளே-ஆஃப். கடைசி வாய்ப்பாக அது இருப்பதில் எனக்கு மறுப்பில்லை.

கடைசி நாளில் வேறு மைதானங்களின் செய்திக்குக் காத்திருப்பது குறையாகச் சொல்லப்பட்டது. 1996இல் மான்செஸ்டர் சிட்டி லிவர்பூலோடு 2-2 என்று இருந்தபோது, சமநிலை போதும் என்ற தவறான தகவலை நம்பிப் பந்தைக் கொடிக்கம்பத்தருகே வைத்து நேரம் கடத்தியது. மாற்றப்பட்டு வெளியே இருந்த நயல் க்வின் ஓடிவந்து சத்தமிட வேண்டியதாயிற்று. சவுத்தாம்ப்டன், கவன்ட்ரி, சிட்டி மூன்றும் 38 புள்ளிகளில் முடிந்தன. முதலிரண்டுக்கும் −18, சிட்டிக்கு −25. அந்த ஏழு கோல் இடைவெளி கடைசி நாளுக்கு முன்பே அட்டவணையில் எல்லார் கண்முன்னும் இருந்தது. விதியில் எந்தத் தெளிவின்மையும் இல்லை, படித்தவர்தான் பிசகினார்.

ஓரக்கோடு

கோல்கம்பம் அவர்களின் யோசனையை நானும் ஏற்பேன். ஆனால் சமநிலைச் சலுகை கோல் வித்தியாசத்தால் அல்ல, நேரடி ஆட்டங்களின் முடிவால் தரப்பட வேண்டும். மூன்று அணிகள் சமமாகும்போது மட்டும், மூன்றாம்கோணம் காட்டிய குழப்பத்தைத் தவிர்க்க, கோல் வித்தியாசத்தால் முதலில் ஓர் அணியை விலக்கிவிடலாம். அப்படியிருந்தால் ரெஜ்ஜோ எமிலியாவில் ஸ்பெசியா சலுகையோடு களமிறங்கியிருக்கும், வெரோனாதான் வென்றே தீர வேண்டிய அணியாக இருந்திருக்கும். இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் வாங்கிய அணியை அந்தச் சலுகையும் காப்பாற்றியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் தங்களுக்குக் கிடைத்த 2-1 வெற்றி எண்ணப்படவே இல்லை என்று அவர்கள் சொல்ல இடமிருந்திருக்காது.