ராப்யூர் அடியில் தண்ணீர் விடுகிறது, கிழங்கு நறநறக்கிறது: எங்கே பிழை?

வெள்ளைப்பூடு:
வணக்கம் உறவுகளே. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துத் தென்மேற்குக் கரையில், கிளேர் பக்கத்து அக்காடியர்கள் (பிரெஞ்சு வழிவந்தவர்கள்) துருவிய உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து ஓவனில் செய்யும் ராப்யூர் (ராப்பி பை) பற்றிய கேள்வி. 2 கிலோ யூக்கான் கோல்ட் உருளைக்கிழங்கு. துருவி, துணியில் இறுக்கிப் பிழிந்து, சூடான கோழிச்சாறு 1 லிட்டர் விட்டுக் கலந்து, நடுவில் கோழி இறைச்சி வைத்து, 200 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் ஓவனில் வைத்தேன். மேலே நிறம் வந்துவிட்டது. வெட்டினால் அடியில் சாறு தனியாகத் தேங்கி நிற்கிறது, கிழங்கு நறநறவென்று இருக்கிறது. நிறமும் சாம்பல். சாற்றின் அளவு பிழையா? பன்றிக் கொழுப்பு இல்லாமல் செய்தால் சரிவருமா?

உலைமூடி:
அளவு பெரும்பாலும் சரி. சாறு போதிய சூட்டில் இல்லை. இந்தப் பலகாரத்தின் உயிரே அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.

கிழங்கு மாச்சத்து ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரியில்தான் நீரை உறிஞ்சிக் களியாகும். 20 டிகிரியில் இருக்கும் 1 கிலோ துருவலில் 80 டிகிரிச் சாறு 1 லிட்டர் விட்டால் கலவை 55ஐக்கூடத் தொடாது. கொதிக்கும் சாறே அந்த எல்லையை மட்டுமட்டாகத்தான் தாண்டும். அப்படித் தாண்டாத மாச்சத்து ஓவனில் பிறகு வெந்தாலும், அதற்குள் சாறு பிரிந்து அடியில் தேங்கிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

செய்முறை இப்படி. பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் அளவு ஜாடியில் அளந்து பாருங்கள். 2 கிலோவுக்கு 1 லிட்டர் சுமாராக வரும். போன தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு சாறு, அதற்கு மேல் 150 மில்லி. சாறு அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கட்டும். துருவலைக் கனமான பாத்திரத்தில் உதிர்த்துப் போட்டு, ஒரு கரண்டி ஒரு கரண்டியாக விட்டு மரக்கரண்டியால் விடாமல் கிளறுங்கள். முதலில் ஈர மரத்தூள் மாதிரி வெள்ளையாக இருக்கும். பாதிச் சாறு போனதும் கரண்டியைப் பிடித்து இழுக்கும், வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும். அந்த மாற்றம் வரவில்லை என்றால் ஓவனுக்குள் வைக்கவே வேண்டாம். பாத்திரத்தைச் சிறு தீயில் ஏற்றி, அடிபிடிக்காமல் கிளறுங்கள். இறுதியில் கூழைவிடக் கெட்டி, களியைவிடத் தளர்வு. அதுதான் பதம்.

உப்பைச் சாற்றிலேயே தூக்கலாகப் போடுங்கள். கிழங்கு எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

கடற்சிப்பி:
உலைமூடி சொன்னது முழுக்கச் சரி. நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1 மணி போதவே போதாது. 9க்கு 13 அங்குல ட்ரேயில் 200 டிகிரியில் 2 மணி நேரம், ஓரங்கள் கருஞ்சிவப்பாகி நடுவிலும் கெட்டி மொறுமொறுப்பு வரும்வரை. எடுத்ததும் 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். இந்த மேல்தோலுக்காகத்தான் பலர் ராப்யூர் கேட்கிறார்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கிழங்கு: யூக்கான் கோல்ட் ஒன்டாரியோவின் குவெல்ஃபில் உருவாகி 1980இல் வெளியான வகை. சுவை நல்லது, மாச்சத்து நடுத்தரம். இதற்கு மாச்சத்து கூடிய ரசெட் வகை மேல். யூக்கான் கோல்ட்தான் இருக்கிறது என்றால், பிழிந்த நீரைப் 10 நிமிடம் அசைக்காமல் வைத்து, மேல்நீரை ஊற்றிவிட்டு, அடியில் சுண்ணாம்புபோல் படிந்திருக்கும் மாவைச் சுரண்டித் துருவலில் சேருங்கள். ரசெட்டுக்கு இது தேவையில்லை, சேர்த்தால் பசையாகிவிடும்.

சாம்பல் நிறம் கெட்டுப்போன அடையாளமல்ல. வெட்டிய கிழங்கு காற்றுப்பட்டால் நொதியால் கறுக்கும். உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டு வைத்து, துருவிய கையோடு பிழிந்து, உடனே கொதிசாறு விட்டால் குறையும். முழுக்கப் போகாது.

பன்றிக் கொழுப்பு மேலே தூவுவதற்குத்தான், கட்டமைப்புக்கு அல்ல. கோழிச்சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை எடுத்து வைத்து, 3 மேசைக்கரண்டி மேலே தடவுங்கள், பட்டரும் போதும். கோழி முற்றலாக இருந்தால்தான் சாறு கனக்கும். வெங்காயம் இரண்டைப் பொடியாக வெட்டிச் சாற்றிலேயே வேகவிடுங்கள்.

வெள்ளைப்பூடு:
பெரும் உதவி. பக்கத்து மாகாணமான நியூ பிரன்சுவிக்கின் பூட்டீன் ராப்பேக்கும் இதே கொதிசாறுதானா? க்யூபெக் பூட்டீனோடு குழப்பமாக இருக்கிறது.

உலைமூடி:
இல்லை. க்யூபெக் பூட்டீன் பொரித்த கிழங்கு, கீச்சென்று கடிபடும் புதுச் சீஸ் கட்டி, பழுப்புக் குழம்பு. பெயர் மட்டும்தான் பொது. மெம்ராம்குக், மாங்க்டன் பக்கத்து ராப்பே ஒரு உருண்டை. அதில் சாறு விடுவதில்லை. நன்றாகப் பிழிந்த பச்சைத் துருவலோடு மசித்த அவித்த கிழங்கு சேர்ப்பார்கள்: 10 பச்சைக்கு 4 அவித்தது. நடுவில் இரவெல்லாம் ஊறவைத்து உப்பெடுத்த பன்றித் துண்டு. ஆரஞ்சுப்பழ அளவு உருட்டி, மாவில் புரட்டி, உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது ஒவ்வொன்றாக இறக்கி, மெல்லிய கொதியில் 2 முதல் 3 மணி.

உடைந்து கரைந்தால் காரணம் இரண்டுதான்: துருவலைச் சரியாகப் பிழியவில்லை, அல்லது எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டு நீரின் கொதி அடங்கிவிட்டது. ஒன்றை மட்டும் முதலில் போட்டு 10 நிமிடம் பாருங்கள். கரைந்தால் மிச்சக் கலவையை இன்னொரு முறை பிழியலாம்.

கடற்சிப்பி:
ராப்பேயைச் சீனி அல்லது மொலாசஸ் (கறுத்த கரும்புப் பாகு) தொட்டு உண்பார்கள், உப்பும் மிளகும் போடுபவர்களும் உண்டு. ராப்யூருக்குப் பட்டர், மொலாசஸ் இரண்டும் பொருந்தும். மிஞ்சிய ராப்யூரை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகும். விரல் தடிப்பில் வெட்டி, பட்டரில், மூடாமல், ஒரு பக்கத்துக்கு 6 நிமிடம். தோல் பிடிக்கும் முன்னே திருப்பினால் சட்டியில் ஒட்டிப் பிய்ந்துவிடும்.