அப்பாவுக்கு 74 வயது, வீட்டில் மூன்று ரிமோட்: ஃபுட்பால் சீசனுக்கு டிவியை எப்படிச் செட் பண்ணுவது?

பெரம்பூர்வாசி கேட்டது:

அப்பாவுக்கு 74. சனி, ஞாயிறு பிரீமியர் லீக், நடுவாரம் சாம்பியன்ஸ் லீக் என்று இரண்டும் வேண்டும். சென்னையில் அவரும் அம்மாவும் மட்டும். நான் வேலைக்காக வெளியூரில். வீட்டில் இருப்பவை: 43 இஞ்ச் ஸ்மார்ட் டிவி, எச்டி டிடிஎச் பாக்ஸ், 50 எம்பிபிஎஸ் ஃபைபர், டிவிக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்.

டிவியைப் போட்டதும் ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது, அதிலிருந்து சேனலுக்குப் போகத் தெரியவில்லை. ஆப்பைத் திறந்தால் சில நாள் மறுபடி லாகின் கேட்கிறது. ஓடிபி என் போனுக்கு வருகிறது, நான் மீட்டிங்கில் இருப்பேன். மேட்ச் நடுவில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மேட்ச் நேரமும் குழப்பம்: புதன்கிழமை மேட்ச் என்று விழித்திருந்தால் அது செவ்வாய் இரவே முடிந்துவிட்டிருக்கிறது. அவரைப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லாமல் வழி உண்டா?

கேபிள்கனெக்‌ஷன் பதில்:

முதலில் ஒன்றை முடிவு பண்ணுங்கள் சார்: டிடிஎச்தான் மெயின், ஸ்டிக் வெறும் ஸ்பேர். இந்த வயதில் சேனல் நம்பர் அடிக்கிற பழக்கம் விரலிலேயே இருக்கும், அதை ஏன் கெடுக்க வேண்டும்?

25-26 சீசனுக்குப் பிரீமியர் லீக் ஸ்டார் ஸ்போர்ட்ஸில், ஆப் என்றால் ஜியோஹாட்ஸ்டார். சாம்பியன்ஸ் லீக் சோனி ஸ்போர்ட்ஸில், ஆப் என்றால் சோனிலிவ். பெரிய பேக் எதுவும் வேண்டாம். பே சேனலைத் தனியாக எடுக்கும் உரிமை டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதியிலேயே இருக்கிறது. ஸ்டார் ஸ்போர்ட்ஸ் செலக்ட் எச்டி சேனல்களையும் சோனி டென் 2 எச்டியையும் மட்டும் சேர்த்தால் அவர் கேட்கிறது ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். எஸ்டி (எச்டி அல்லாத சாதாரண சேனல்) எடுக்காதீர்கள். மூலையில் இருக்கும் ஸ்கோரும் ஜெர்சி நம்பரும் எஸ்டியில் கலங்கித் தெரியும். கண் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

டிவி போட்டதும் விளம்பரப் பக்கம் வருவதை நிறுத்தலாம். சாம்சங் என்றால் செட்டிங்ஸில் 'ஆட்டோரன் ஸ்மார்ட் ஹப்', எல்ஜி என்றால் 'ஹோம் ஆட்டோ லாஞ்ச்'. இதை ஆஃப் செய்தால் கடைசியாகப் பார்த்த எச்டிஎம்ஐயிலேயே டிவி திறக்கும். கூகுள் டிவி வகையறாவில் 'பவர் ஆன்' என்ற சொல்லோடு ஒரு மெனு இருக்கிறதா பாருங்கள், எல்லா மாடலிலும் கிடையாது.

அடுத்தது ரிமோட். பல டிடிஎச் ரிமோட்டுகள் டிவியின் பவர், வால்யூம், சோர்ஸ் பட்டன்களைக் கற்றுக்கொள்ளும். எந்தப் பட்டன்களை எத்தனை விநாடி பிடிப்பது என்பது பாக்ஸோடு வந்த தாளில் இருக்கும். அது முடிந்ததும் டிவி ரிமோட்டை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள். நிஜமாகவே பூட்டுங்கள். 'நோ சிக்னல்' என்று வீட்டிலிருந்து வரும் போன்களில் முக்கால்வாசி, யாரோ சோர்ஸ் பட்டனைத் தெரியாமல் அமுக்கியதால்தான்.

பாக்ஸில் ஃபேவரிட் லிஸ்ட் போட்டு இந்த மூன்று நான்கு சேனலை மட்டும் வையுங்கள். கூடவே சேனல் நம்பரைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி டிவி ஸ்டாண்டில் ஒட்டிவிடுங்கள்.

பஃபரிங் பதில்:

டிடிஎச் மெயின் என்பதை ஏற்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து மேட்ச் ஓடும்போது சேனலில் ஒன்றிரண்டுதான் வரும். அவருடைய டீம் அதில் இல்லையென்றால் ஆப்தான் கதி. அதனால் ஸ்டிக்கையும் ஒழுங்கு பண்ணித்தான் ஆக வேண்டும்.

படம் நிற்பதற்கு 50 எம்பிபிஎஸ் காரணமே இல்லை. எச்டி ஸ்ட்ரீமுக்கு 8 முதல் 10 எம்பிபிஎஸ் தாராளம். முதலில் ஸ்டிக்குக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் செருகியிருந்தால் அதுவே குற்றவாளி. பல டிவிகளில் அங்கே அரை ஆம்பியர்தான் கிடைக்கும். ஸ்டிக்குக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியராவது வேண்டும். மெனுவில் சும்மா இருக்கும்போது ஓடும், வீடியோ ஓட ஆரம்பித்ததும் திணறும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். கூட வந்த அடாப்டரைச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள்.

அடுத்தது வைஃபை. ரவுட்டர் ஹாலில், டிவியும் ஹாலில் என்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் இணையுங்கள். நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4. ஸ்டிக் டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பதால் டிவியே சிக்னலை மறைக்கும். பெட்டியோடு வந்த குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைப் பெரும்பாலானோர் பிரிப்பதே இல்லை. அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் ஓரத்துக்கு வெளியே தொங்கவிட்டாலே பாதி சிக்கல் தீரும். டிவியிலேயே ஆப் இருந்து, ரவுட்டரும் பக்கத்தில் இருந்தால் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். டிவியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், அதுவே எச்டிக்குப் பல மடங்கு.

ஃபயர் டிவி ஸ்டிக் உறைந்து நின்றால் வயரைப் பிடுங்க வேண்டாம். நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து ஐந்து விநாடி பிடித்தால் ரீஸ்டார்ட் ஆகும். இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். மேட்ச் டென்ஷனில் அப்பாவுக்கு நினைவு வராது.

ஓடிபி சமாச்சாரம்: கணக்கு உங்கள் நம்பரில் இருக்கும்வரை இது தீராது. அடுத்த சந்தாவை அப்பா நம்பரிலேயே எடுங்கள், பணம் மட்டும் நீங்கள் கட்டுங்கள். எத்தனை திரையில் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்பதற்குப் பிளானுக்குப் பிளான் வரம்பு உண்டு. நீங்கள் அங்கே, தங்கை இன்னொரு இடத்தில், மச்சான் ஒரு டேப்லெட்டில் என்று ஒரே கணக்கைப் பங்குபோட்டால், மேட்ச் நேரத்தில் வெளியே தள்ளப்படுவது அப்பாவின் டிவியாகத்தான் இருக்கும்.

இதையும் சொல்லிவிடுங்கள்: ஓடிபியைப் போனில் கேட்பவன் எவனாக இருந்தாலும் திருடன். 'உங்கள் சந்தா முடிந்தது, இந்த ஆப்பைப் போடுங்கள்' என்று ஸ்க்ரீன் ஷேர் ஆப் இறக்கச் சொன்னால் உடனே போனை வைத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் கிரைம் உதவி எண். வாட்ஸ்அப்பில் வரும் 'இலவச லைவ்' ஏபிகே ஃபைலும் (போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) அதே ரகம்தான்.

நள்ளிரவு ஆட்டம் பதில்:

நேரக் குழப்பம் அவர் தப்பில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு (2025-இல் 26-ஆம் தேதி) முதல் மார்ச் கடைசி ஞாயிறு (2026-இல் 29) வரை எல்லா மேட்சும் நமக்கு ஒரு மணி நேரம் தள்ளி வரும்.

இது கோடைக்காலத் தாள், அப்படியே பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள்:

சனி: மாலை 5.00, இரவு 7.30, இரவு 10.00
ஞாயிறு: மாலை 6.30, இரவு 9.00
திங்கள் மேட்ச்: நள்ளிரவு தாண்டி 12.30 (அதாவது செவ்வாய்)
சாம்பியன்ஸ் லீக்: இரவு 10.15, நள்ளிரவு தாண்டி 12.30

குளிர்காலத் தாளில் எல்லாவற்றிலும் ஒரு மணி கூட்டுங்கள்: சனி 6.00, 8.30, 11.00 என்று போகும். சாம்பியன்ஸ் லீக் பெரிய மேட்ச் 1.30. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அக்டோபர் 26 அன்று மேல் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள், தேதி காலண்டர் மாதிரி. கிறிஸ்துமஸ் வாரத்திலும் டிவிக்காக மாற்றும் மேட்ச்களிலும் இந்த அட்டவணை பிசகும். அதை மட்டும் நீங்கள் போனில் சொன்னால் போதும்.

தேதிக் குழப்பத்துக்கு ஒரு வழி: நள்ளிரவு மேட்சை எப்போதும் 'செவ்வாய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று சொல்லுங்கள். 'புதன் 12.30' என்றால் பெரியவர்கள் புதன் ராத்திரிதான் உட்காருவார்கள். யார்தான் உட்கார மாட்டார்கள்?

1.30 மேட்சைத் தினமும் விழித்துப் பார்ப்பது 74 வயதில் பிபி மாத்திரைக்கு ஆகாது. பாக்ஸில் ரெக்கார்டிங் வசதி இருந்தால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம். நிகழ்ச்சி நேரத்துக்கு மேல் அரை மணி கூடுதலாகப் பதிவு ஆகும்படி வையுங்கள். 2023-24 முதல் இஞ்சுரி டைமை நிறையக் கூட்டுகிறார்கள், 95, 98-ஆவது நிமிஷத்தில் கோல் விழுகிறது, ரெக்கார்டிங்கோ 90-லேயே நின்றிருக்கும். காலைப் பேப்பரைப் பற்றிக் கவலை வேண்டாம், மூன்றரை மணிக்கு முடியும் மேட்ச் ரிசல்ட் அதில் இருக்காது. ரிசல்ட்டை உடைப்பது வாட்ஸ்அப் குரூப்தான். காலை வரை டேட்டாவை ஆஃப் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

நல்ல செய்தி ஒன்று. 2026 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் மே 30, புடாபெஸ்ட். நமக்கு இரவு 9.30-க்கே ஆரம்பம். வழக்கமான நள்ளிரவு ஃபைனல் இல்லை.

பெரம்பூர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஸ்டிக் டிவியின் யுஎஸ்பியில்தான் இருந்தது, அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு கேள்வி மிச்சம். கோல் போட்ட பிறகு ரத்து செய்கிறார்களே, அதைக் கண்டாலே டிவியை அணைத்துவிடுகிறார். எப்படி விளக்குவது? அப்புறம், கமென்ட்ரி கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறார், பக்கத்து வீட்டில் சண்டை.

ஆஃப்சைடு பதில்:

தம்பி, அவருக்கு ஃபுட்பால் தெரியும், விதி மாறியதைத்தான் யாரும் சொல்லவில்லை. மூன்று விஷயம் சொன்னால் போதும்.

லைன்ஸ்மேன் இப்போது ஆஃப்சைடு கொடியை உடனே தூக்குவதில்லை. சந்தேகம் இருந்தால் அந்தத் தாக்குதல் முடியும்வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்; கோல் விழுந்த பிறகு கொடி ஏறுவது அதனால். விஏஆர் (வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்ப்பது) நான்கு விஷயத்துக்கு மட்டும்: கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறிக் கார்டு கொடுத்தது. மஞ்சள் கார்டுக்கும் சாதாரண ஃபவுலுக்கும் கிடையாது. 'இதுக்கு ஏன் பாக்கல?' என்று அவர் கத்துவதில் பாதி இதில் அடங்கிவிடும். பிரீமியர் லீக்கில் 2025 ஏப்ரலிலிருந்து ஆஃப்சைடு கோட்டைக் கேமராக்களே கணக்குப் போட்டு வரைகின்றன, அதனால் முன்பு போல ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

கூடவே, 2025-26 சீசனிலிருந்து கோல்கீப்பர் பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். ரெஃப்ரி கையைத் தூக்கிக் கடைசி ஐந்து விநாடியை விரலில் எண்ணுவார். இதைத் தெரிந்துகொண்டால் அவரே கூட உட்கார்ந்து எண்ணுவார், பாருங்கள். விஏஆர் நியாயமா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. அதில் அவரும் நானும் ஒரே கட்சிதான்.

சத்தத்துக்கு: வால்யூம் பிரச்சினை இல்லை, கூட்ட இரைச்சல் குரலை அமுக்குகிறது. டிவி சவுண்டில் 'ஸ்போர்ட்ஸ்' அல்லது 'ஸ்டேடியம்' மோடு இருந்தால் எடுத்துவிடுங்கள், அது இரைச்சலைத்தான் கூட்டும். 'கிளியர் வாய்ஸ்' மாதிரிப் பெயரில் இருப்பதைப் போடுங்கள். பிக்சரிலும் ஸ்போர்ட்ஸ் மோடு வேண்டாம், புல் ரேடியம் பச்சையாகிக் கண்ணைக் கூசும், 'ஸ்டாண்டர்ட்' போதும். பந்துக்குப் பின்னால் வால் மாதிரி தெரிந்தால் ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று டிவிக்கேற்ற பெயரில் இருக்கும், அசைவை மென்மையாக்கும் வசதியைக் குறையுங்கள்.

ராத்திரி மேட்சுக்கு ஹெட்ஃபோன்தான். புளூடூத் வேண்டாம், சார்ஜ் போட மறப்பார், இணைப்பு அறும். டிவியிலோ பாக்ஸிலோ ஓட்டை இருந்தால் 3 மீட்டர் வயர் ஹெட்ஃபோன். வயர் நடக்கும் வழியில் கிடக்காமல் சுவரோரமாக கிளிப் அடியுங்கள், தடுக்கி விழுந்தால் சீசனே போச்சு.

கேபிள்கனெக்‌ஷன் பதில்:

ஒன்று விட்டுப்போச்சு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் மழை, அதே நேரம் சீசனும் உச்சத்தில். கனமழையில் டிடிஎச் சிக்னல் போவது இயற்கை, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாக வரும். ஆனால் தூறலுக்கே போனால் டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அல்லது எல்என்பியில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிக்னல் வாங்கி) சேரும் கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கிறது. பாக்ஸ் மெனுவில் சிக்னல் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என இரண்டு பட்டை இருக்கும். வெயில் நாளிலேயே குவாலிட்டி தளர்ந்திருந்தால் செப்டம்பரிலேயே ஆளைக் கூப்பிட்டு டிஷ்ஷைத் திருப்பி, கனெக்டரைப் புதிதாக அடித்து, ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். மழை வந்த பிறகு கூப்பிட்டால் ஊரே வரிசையில் நிற்கும்.

அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் ஸ்டிக். மழையில் கரண்ட் போனாலும் இன்டர்நெட் நிற்காமலிருக்க ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வையுங்கள். வாங்கும்முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள், சிலது 9 வோல்ட் இருக்கும். ஆப்புக்கு மாறும்போது அரை நிமிஷம் பின்தங்கித்தான் ஓடும், எதிர்வீட்டில் கோல் என்று கத்துவது முன்னாடியே கேட்கும். அப்பாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டிக் ரிப்பேர் என்று உங்களுக்குத்தான் போன் வரும்.