மலை மருத்துவமனைக்கு ஏற்ற மென்பொருள்: ஆலோசனை வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவேயுள்ள 20 படுக்கை மருத்துவமனை ஒன்றில் நான் மருந்தாளுநர். கணினி பழுதானால் பார்ப்பவனும் நானே. சேலத்திலிருந்து ஆள் வர 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும் என்பதால், மழை நாளில் அழைத்தால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சென்ற மாதம் இடி மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில், யுபிஎஸ் தாங்காமல் பதிவுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் கெட்டு, மூன்று வாரப் புறநோயாளி விவரங்கள் அழிந்துவிட்டன. மூத்த செவிலியர் ஒருவர் பழக்கத்தை விடாமல் நீள நோட்டில் எழுதி வைத்திருந்த சர்க்கரை அளவுகளைக் கொண்டுதான் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தோம். (அந்த நோட்டு எதற்கு என்று அவரிடம் வாதாடியவன் நான்தான்.)

இணையம் துண்டிக்கப்பட்டாலும் மருத்துவமனைக்குள்ளேயே இயங்கி, இணைப்பு வந்தபின் நோயாளியின் 14 இலக்க ஆபா (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) எண்ணுடன் பதிவுகளைச் சேர்க்கக்கூடிய மென்பொருளைத் தேடுகிறோம். ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற திறந்தமூல மருத்துவப் பதிவு மென்பொருளின் அடிப்படையில் உருவான, உரிமக் கட்டணமில்லாத பஹ்ம்னி என்ற மருத்துவமனை மென்பொருளை நிறுவலாமா என்று யோசிக்கிறேன். லினக்ஸ் இயங்குதளம் ஓரளவே தெரிந்த ஒருவரால் அதைத் தனியாகப் பராமரிக்க இயலுமா? தினசரி பேக்கப் தானாகவே இரண்டு இடங்களில் பதிவாக என்ன ஏற்பாடு செய்யலாம்? சிறிய மருத்துவமனைகளில் இதை நடத்திப் பார்த்தவர்கள், முதலில் எது பழுதாகும் என்பதையும் தயவுசெய்து தெரிவிக்க வேண்டுகிறேன்.