தீயில் கருகிய புளியமரம் அறுக்க எந்த செயின் சா மெஷின் வாங்கலாம்?

தோப்புக்காரன்
பங்குனியில் மலையடிவாரப் புல்லில் பிடித்த தீ எங்க தோப்புக்குள்ளயும் இறங்கிடுச்சு. 11 புளியமரம் கருகிப்போச்சு, எல்லாம் தாத்தா வச்சது. தூரில் 7 அடி சுற்று வரை இருக்கு. ஆன்லைனில் வாங்கின 58 சிசி மெஷினை வச்சு 3 மரம் அறுத்தேன். நாலாவது மரத்தில் கை வைக்கும்போதே பிஸ்டன் பிடிச்சிடுச்சு. மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார், உள்ள நெடுகக் கீறல். சரி பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்னு சொல்றார். 70 சிசிக்கு மேல போகணுமா, 60 போதுமா?

மலைக்காட்டான்
யோசிக்கவே வேண்டாம் தம்பி, ஸ்டில் கம்பெனியோட எம்எஸ் 382 எடுங்க. 72.2 சிசி, 3.9 கிலோவாட். கறிக்கடையில் புளியங்கட்டையைப் போட்டு வச்சிருக்காங்களே, ஏன்? அவ்வளவு வெட்டு வாங்கியும் பிளக்காது. அந்தச் சேகுதான், அதான் நடுவில் இருக்கிற வைரம் பாய்ஞ்ச கட்டைதான், இப்ப தீயில் வெந்து, வெயிலில் காஞ்சு நிக்குது. சின்ன மெஷினை அழுத்தி அழுத்தி அறுத்தா மறுபடி இதே நிலைமைதான் வரும்.

அரக்கைப்பிடி
இதை நான் ஒத்துக்க மாட்டேன். 58 சிசி பத்தாம பிஸ்டன் போனதுன்னு யார் சொன்னது? கீறல் விழுந்திருக்குன்னா ஒன்னு ஆயில் குறைஞ்சிருக்கணும், இல்லைன்னா தூசி உள்ள போயிருக்கணும். தோப்புக்காரரே, ஏர் ஃபில்டரை எப்ப எப்ப சுத்தம் பண்ணீங்க? தூள் சீவலா விழுந்துச்சா, மாவா விழுந்துச்சா?

தோப்புக்காரன்
ஆயில் லிட்டருக்கு 40 மில்லி, குறிப்பேட்டில் இருந்தபடிதான் ஊத்தினேன். ஃபில்டரை சாயங்காலம் ஒருதடவை தட்டி வைப்பேன். தூள் மாவு மாதிரிதான் கொட்டுச்சு, கறுப்பா.

அரக்கைப்பிடி
அந்த மாவுதான் உங்க மெஷினைக் கொன்னது. பட்டை வெடிப்பு முழுக்க சாம்பலும் மண்ணும் ஏறிக் கிடக்கும். செயின் அதில் பட்ட நிமிஷமே முனை மழுங்கிடும். மழுங்கின பல் சீவாது, தேய்க்கும். தேய்க்க தேய்க்க மாவு வரும், நீங்களும் இன்னும் அழுத்துவீங்க. சூடு ஏறும், அந்தக் கரிமாவு மட்டமான ஃபில்டரைத் தாண்டி சிலிண்டருக்குள்ள போகும். இதே மாதிரி ஓட்டினா 382க்கும் ஆயுசு கிடையாது.

நான் சொல்றது அதே ஸ்டில்லில் எம்எஸ் 361. 59 சிசி, 3.4 கிலோவாட், 5.6 கிலோ. மிச்சமாகிற காசில் 4 செயின், 2 ஃபில்டர் எடுத்து வைங்க. செயின் செமி சிசல் பல்லா, அதாவது பல்லோட மூலை உருண்டையா இருக்கிறதா பார்த்து வாங்குங்க. மூலை கூரா இருக்கிற ஃபுல் சிசல் சுத்தமான மரத்தில் வேகமா ஓடும், ஆனா கரியிலயும் மண்ணிலயும் சீக்கிரம் முனை போயிடும். அறுக்கிற இடத்தில் மட்டும் கோடாலியால் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கிட்டு அப்புறம் மெஷினை வைங்க. ஃபில்டரை ஒவ்வொரு டேங்குக்கும் பாருங்க.

மலைக்காட்டான்
செயின் பத்தி சொன்னது சரி. ஆனா 7 அடி சுற்றுன்னா குறுக்கே 27 அங்குலம். செயின் சுத்தி ஓடுற 20 அங்குலப் பார் முழுசா சேகுக்குள்ள புதைஞ்சு ஓடணும். 361 அதை இழுக்கும், ஆனா திணறித்தான் இழுக்கும். 382ல மெஷினோட எடையே இறங்கி அறுத்துக்கும், கையால் அழுத்த வேண்டாம். அழுத்துறதுதான் கெடுதல்னு நீங்களே சொன்னீங்க. எடை வித்தியாசம் 600 கிராம்தான்.

அரக்கைப்பிடி
ரெண்டு பக்கமும் மாறி மாறி அறுக்கலாமே அண்ணே. தூர்வெட்டு மரத்துக்கு ஒன்னு. மிச்ச அறுப்பெல்லாம் கிளை, கவை. நாள் முழுக்கத் தோள் உயரத்தில் பிடிச்சா 600 கிராம் என்னன்னு தெரியும்.

ஓடைக்கரை
கார்பைடு பல் வச்ச செயின் இருக்கே, கரிக்கு அது தாங்குமே?

அரக்கைப்பிடி
தாங்கும். ஆனா அதுக்கு அரம் ஏறாது, வைரக்கல்தான் வேணும். தோப்புக்குள்ள அது நடக்காது.

காட்டோரம்
நான் வேற பேசணும், கோவிச்சுக்காதீங்க. 8 மரத்துக்காக எதுக்குப் புது மெஷின்? பழகின ஆட்களைக் கூப்பிடுங்க. தீ தின்ன மரம் வெளியே முழுசா இருக்கும், உள்ள தூர் பொந்தா போயிருக்கும். நினைச்ச பக்கம் சாயாது. மெஷின் சத்தத்தில் மேலே கிளை முறியற சத்தமும் கேட்காது. எங்க தோட்டத்தில் தீ அணைஞ்சு ஒரு வாரம் கழிச்சும் ஒரு பொந்துக்குள்ள கங்கு இருந்துச்சு. அது பக்கத்தில் பெட்ரோல் ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அதைவிட முக்கியமானது ஒன்னு. எல்லா மரமும் செத்துடுச்சுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? இலை கருகினா மரம் செத்ததா அர்த்தமில்லை. தீ வந்த திசைக்கு மறுபக்கம் கத்தியால் பட்டையைச் சுரண்டிப் பாருங்க. ஈரமா, பச்சையா இருந்தா விட்டு வைங்க.

தோப்புக்காரன்
அக்கா, இன்னைக்குக் காலையில் சுரண்டிப் பார்த்தேன். 3 மரத்தில் கிழக்குப் பக்கம் பச்சை இருக்கு. ஒன்னில் தூரிலிருந்து விரல் அளவுக்குத் துளிரே வந்திருக்கு, நான் கவனிக்கவே இல்லை. அந்த மூணையும் தொடப் போறதில்லை. முதல்ல அறுத்த மூணையும் இப்படிப் பார்க்காம விட்டுட்டேனேன்னு மனசு ஆறலை.

மிச்சம் 5. அதில் தட்டினா பொந்துச் சத்தம் கேட்கிற 2 மரத்துக்கு ஆள் சொல்லிட்டேன். மத்த 3 மரத்துக்கும், வருஷா வருஷம் வர்ற வேலைக்கும் 361 எடுக்கிறேன்.

மலைக்காட்டான்
எடுங்க தம்பி. ஆனா முதல் தூர்வெட்டு முடிஞ்சதும் எப்படி இழுத்துச்சுன்னு உண்மையா எழுதணும். எனக்கு இன்னும் 382தான்.

அரக்கைப்பிடி
பழைய மெஷினோட 4.8 மில்லிமீட்டர் அரத்தை இதுக்குப் போட்டுடாதீங்க. இதோட 3/8 பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு) செயினுக்கு 5.2 மில்லிமீட்டர் உருட்டு அரம் வேணும், கடையில் மறக்காம கேட்டு வாங்குங்க.